சாமியைப் பார்க்காத கண்கள்

வெள்ளவத்தைக் கோயிலில் வைத்துத்தான் அக்காவைப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக நின்றார். தீபாராதனை நேரம் அவர் கண்கள் கலங்கின. அம்மா உருகிப்போனார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: "எனக்குப் பயமாக் கிடக்கு. அவர் சாமியைப் பாக்கேல்ல. தன்னை ஆர் பாக்கினம் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டவர்."

"இதெல்லாம் ஒரு காரணமோ?" என்று நான்தான் பெரிதாகச் சிரித்தேன். கலியாணம் நடந்தது.

அடுத்த வருடம் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். அவன் அடித்த அடியில் ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது.

"ஏனக்கா எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்ல?"

"கோயிலால வந்த அண்டைக்கே சொன்னனான்."

இன்றும் தீபம் காட்டும்போது என் கைகள் குவிவதில்லை. அன்று நானும் சாமியைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.