ஒரு காதில் மட்டும் கேட்ட பியானோ

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சத்தம் புகாத சிறு அறையில், இருபத்திரண்டு வருடமாக ஊரார் காதுகளைச் சோதித்து வந்தவர் அவர். தெருவில் ‘காதுக்காரர்’ என்றால்தான் தெரியும். ஐம்பத்தோரு வயதில் அவர் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கினார். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற சாமானை மறைக்க வழியில்லை. சத்தத்தையாவது மறைக்கலாம் என்று ஹெட்போனும் சேர்த்து வாங்கினார்.

பள்ளியில் பாட்டு வகுப்பில் ஒருநாள் அவர் வாயைத் திறந்ததும் வகுப்பே சிரித்தது, வாத்தியார் உட்பட. அதற்குப் பிறகு குளியலறையில்கூட அவர் பாடியதில்லை. அதனால் தனக்குத்தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார்: வாசிப்பது ஒருவர் காதில் விழுந்தாலும் அன்றோடு நிறுத்திவிடுவது.

பியானோவோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. நிறையப் படித்தவர்கள் படிக்காத ஒரே புத்தகம் அதுதான். முதுகுப்பக்கம் தடவி, கைக்கு அகப்பட்ட துளையில் ஹெட்போனைச் சொருகினார். சத்தம் வந்தது. போதாதா?

தினமும் காலை ஐந்தரைக்கு உட்காருவார். ஆரம்பப் பாடத்தில் மூன்று வரி ஒழுங்காகப் போகும். நாலாவது வரியில் சுண்டுவிரல் காலை வாரிவிடும். “சனியனே, உன்னை யாரு இப்ப வரச் சொன்னா?” என்று அதை வாய்விட்டே திட்டுவார். யாருக்குக் கேட்கப்போகிறது?

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. இடது காதில் சத்தம் கணீரென்று விழுந்தது. வலது காதில் ஏதோ பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல மங்கலாக வந்தது. ஹெட்போனைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவில்லை. வலது காது போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினார். மருத்துவமனை வாட்ச்மேன் வந்து இதைச் சொல்லியிருந்தால் பத்தே நிமிடத்தில் சோதித்து அனுப்பியிருப்பார். தன் அறைக்குள் தானே நோயாளியாக நுழைய மட்டும் கூச்சம். காதுக்காரருக்கே காது கேட்கவில்லையாம் என்று சிரிக்க மாட்டார்களா? ஆறு வாரம் வெளியே சொல்லாமல் வலது பக்கம் தலையைச் சாய்த்தே நடமாடினார்.

அந்த நிலையில்தான் மேல்வீட்டு அம்மாள் சோதனைக்கு வந்தார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“போன்ல கத்திப் பேசுறேனாம். காது மந்தம்னு எங்க அக்கா சொல்றா. நீங்களே பாருங்க தம்பி.”

பார்த்தார். குறை ஒன்றும் இல்லை.

“எனக்குத் தெரியும்” என்றார் அம்மாள். “விடிகாலையில உங்க வீட்டுல குழந்தை பியானோ வாசிக்குதே, அதுகூட அட்சரம் பிசகாமக் கேக்குது. அஞ்சு வயசு இருக்குமா?”

காதுக்காரரின் பேனா நின்றுவிட்டது.

“பாவம், அதே இடத்துல தினமும் தடுக்கி விழுது. நீங்க என்னடான்னா, சனியனேன்னு அதைத் திட்டுறீங்க. பச்சைப் பிள்ளையைப் போய் அப்படித் திட்டலாமா?”

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியை அவர் வேறு விதமாகச் செலவழித்தார்.

“தங்கச்சி பொண்ணும்மா. லீவுக்கு வந்திருக்கு.”

தங்கைக்கு இரண்டும் பையன்கள். இருவருக்கும் மீசை முளைத்துவிட்டது.

மாலையில் மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “நான் வாசிக்கிறது உனக்குக் கேக்குமா?”

“எனக்கென்ன காது இல்லையா?”

“சொல்லியிருக்கலாம்ல?”

“ஹெட்போன் எதுக்கு மாட்டுறீங்கன்னே எனக்குப் புரியலை. குளிருக்குன்னு நெனச்சேன்.”

மறுநாள் காலை அவர் வாசிக்கவில்லை. சாயங்காலம் மேல்வீட்டு அம்மாள் ஒரு படப்புத்தகத்தோடும் கலர் பென்சிலோடும் வாசலில் நின்றார். “இன்னைக்குச் சத்தமே இல்லையே. குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?”

“எந்தக் குழந்தை?” என்றாள் மனைவி, கணவரைத் திரும்பிப் பார்த்து.

கையில் கலர் பென்சிலை வாங்கிக்கொண்டு இன்னொரு பொய்யைச் சொல்ல அவரால் முடியவில்லை. “குழந்தை நான்தாம்மா” என்றார். “வாசிச்சது நான். திட்டினதும் என்னைத்தான்.”

அம்மாள் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. “அக்காகிட்ட அந்தக் குழந்தையைப் பத்தி எவ்வளவு சொல்லியிருக்கேன்” என்று மட்டும் முணுமுணுத்தார். பிறகு, முப்பது வருடம் ஹெட்போனோடு குப்பை கொட்டிய பழக்கத்தில், கூடத்துக்குள் வந்து பியானோவின் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

“இது பெரிய ஸ்பீக்கருக்கு இழுக்குற துளை தம்பி. இதுல மாட்டினா பியானோவோட சொந்த ஸ்பீக்கர் நிக்காது. ஊருக்கும் கேக்கும், உங்களுக்கு ஒரு காதுலதான் விழும். ஹெட்போன் துளை பக்கத்துல இருக்கு.”

வலது காது பிழைத்தது, மானம் போனது. படப்புத்தகத்தை அம்மாள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது பியானோ மேலேயே கிடந்தது. எடுத்து ஒளித்துவைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

நிபந்தனைப்படி அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் ஐந்தரைக்கு ஹெட்போனைச் சரியான துளையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு காதிலும் சத்தம் நிறைந்தது. பத்து நிமிடம் கழித்து அடுப்படியிலிருந்து வந்த மனைவி அவர் தோளைத் தட்டினாள்.

“இன்னைக்கும் வாசிக்கலையா?”

“வாசிச்சிட்டுதான் இருக்கேன்.”

“ஓ” என்றாள்.

அது நிம்மதியா ஏமாற்றமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது. அவள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி, துளையிலிருந்தும் உருவி ஆணியில் மாட்டினார். காது மடல் சிவந்து சுட, சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.