சுவரோரம் ஊற்றிய தண்ணீர்

தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பிறர் மனுக்களில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணம் முழுவதையும் போட்டு, கோவில்பட்டிக்கு வெளியே பருத்தி விளைந்த கரிசல் நிலத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட்டேன். ஒப்பந்தத்தை நானே எழுதினேன். பதினெட்டு நிபந்தனைகள்.

கைக்குழந்தையோடு குடிவந்த செல்வி தீப்பெட்டி ஆலையில் வேலை செய்பவர். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தினமும் வீட்டைச் சுற்றிச் சுவரோரமாக ஊற்றினார். அஸ்திவாரம் ஊறிவிடும் என்று பயந்து, ஒப்பந்த மீறல் எனப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் நிறுத்திவிட்டார்.

சித்திரையில் போன் வந்தது. "அண்ணாச்சி, சுவரு பிளந்துட்டு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மண் காய்ந்து, சுவரோரம் கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. படுக்கையறைச் சுவரின் விரிசல் வழியாக வெளி வெயில் தெரிந்தது.

"கரிசலு காஞ்சா வீட்ட இழுக்கும்லா. அதான் ஈரமா வச்சிருந்தேன்" என்றார் செல்வி.

"இத முன்னமே சொல்லக் கூடாதாம்மா?"

"நோட்டீசுல வெளக்கம் கேக்கலியே அண்ணாச்சி. ஊத்தாதன்னுதான இருந்துச்சு."

சாமான்களை மூட்டை கட்டியிருந்தார். என் வாழ்நாள் சேமிப்பு கண்ணெதிரே இரண்டாகிக்கொண்டிருந்தது. வாடகையே வேண்டாம், இங்கேயே இருந்து தண்ணீர் ஊற்றினால் போதும் என்று கெஞ்சினேன்.

அவர் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டார். "இந்தச் சுவத்துக்குக் கீழ பிள்ளைய எப்படிப் படுக்கப் போடுவேன்? நீங்களே சொல்லுங்க."



ஏன் ஊற்றுகிறீர்கள் என்று கேட்க அன்று ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த நோட்டீசை எழுத எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.