அண்ணையின் கத்தரிக்காய்

அண்ணை, நீங்கள் என் கூடப்பிறந்த மூத்தவர், உங்களை நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் அண்ணை என்றுதான் வாயில் வருகிறது. உங்களைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லப் போகிறேன், குறை நினைக்காதேங்கோ.

அண்ணைக்கும் எனக்கும் படிப்பு ஏறவில்லை. அண்ணை இந்த வெள்ளைக்கார ஊரில், அப்டன் பார்க்கில் ஒரு பிரிண்டிங் கடையில் வேலை செய்தார். கலியாணக் கார்ட், பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் சாமத்திய வீட்டுப் பேனர், செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் நினைவுக் கார்ட் எல்லாம் அவர் கையால்தான் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு ஜப்பான்காரரின் ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார். சுவர் முழுக்கக் கண் முழித்த கொழுகொழு மேகங்கள். வெளியே வரும் வழியில் ஒரு கடை. அங்கே அதே மேகம் தலையணையிலும் காலில் போடுகிற சொக்ஸிலும் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அண்ணை, இவர் படம் கீறுறவரோ, சொக்ஸ் விக்கிறவரோ?"

"ரெண்டும்தான். சுவரிலை இருக்கிறதும் அந்தாள் கீறினது, சொக்ஸிலை இருக்கிறதும் அந்தாள் கீறினது. ஒண்டும் மற்றதுக்குக் குறைச்சலில்லை."

அதற்குப் பிறகு ஒரு மரக்கறிக் கடைக்காரர் தன் கடைப் பையில் அச்சடிக்க ஒரு டிசைன் கேட்டார். அண்ணை ஒரு குண்டுக் கத்தரிக்காய் கீறினார். காம்பைத் தொப்பி போலச் சரித்துப் போட்டு, பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிற கத்தரிக்காய். அந்தப் பை எங்கும் போனது. மரக்கறி வாங்காதவர்களும் கேட்டு வாங்கினார்கள். ஒருநாள் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதில் புத்தகம் கொண்டுபோனாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, என் அண்ணை கீறியது என்று சொல்லிவிட்டேன். அவள் பையைத் திருப்பி வைத்து இன்னொரு தரம் வடிவாகப் பார்த்தாள்.

நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணை திரும்பி வரவில்லை.

அவருடைய நினைவுக் கார்ட்டுக்கு நானும் அம்மாவும் மாமாவும் அதே பிரிண்டிங் கடைக்குத்தான் போனோம். முதலாளி வழக்கமான விளக்கையும் தாமரையையும் காட்டினார். நான் கத்தரிக்காயைப் போடச் சொன்னேன். கிங்ஸ்பரியில் இருந்து வந்திருந்த மாமா துள்ளி எழுந்தார்.

"உனக்கென்ன விசரோ பிள்ளை? செத்தவீட்டுக் கார்ட்டிலை கத்தரிக்காயோ? சனம் சாப்பாட்டுக் கடை விளம்பரமெண்டு நினைக்கும்!"

எனக்கு அழுகை வந்தது. விளக்கைப் போட்டால் அது யாரோ ஒருவருடைய கார்ட். அதில் என் அண்ணை இருக்க மாட்டார்.

அம்மா மாமாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த விளக்கு ஆர் செத்தாலும் போடுறது. கத்தரிக்காய் என்ரை பிள்ளை கீறினது. அதையே போடட்டும்."

மாமா திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தார்.

"சரி அக்கா. பல்லையெண்டாலும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ."

"ஒரு பல்லும் குறையப்படாது," என்றார் அம்மா.

ஒரு பல்லும் குறையாமல்தான் அச்சடித்தோம். இதைக் கேட்கிறவர்களே, அந்தக் கார்ட் கைக்கு வந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வந்தால் சிரியுங்கள், நாங்கள் கோபிக்க மாட்டோம். சிரித்துவிட்டு, நீங்கள் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், எல்லாரும் என் அண்ணைக்காக ஒருதரம் கும்பிடுங்கள்.