யார் முதலில் வருவது?

கரண்ட் மீட்டர் பெட்டியின் கதவைச் சாத்தியாகிவிட்டது. எண்ணைக் கையிலிருக்கும் மெஷினில் தட்டி, அது துப்பிய சீட்டைக் கிழித்து வீட்டுக்காரரிடம் நீட்டியுமாயிற்று. அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? போகமாட்டார், என் பக்கத்து வீட்டு ரீடிங்காரர். குனிவார். வலது கால் ஷூ லேஸை அவிழ்த்து, முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கட்டிவிடுவது போல நிதானமாக மறுபடியும் கட்டுவார். அதற்கு ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடத்துக்குள் வீட்டுக்காரர் வாயிலிருந்து "தண்ணி வேணுமா?" என்று வந்துவிட வேண்டும். வராவிட்டால் இரண்டு இருமல். அதற்கும் அசையாமல் கதவைச் சாத்தினால், நிமிர்ந்து, யாரோ பக்கத்தில் சாட்சிக்கு நிற்பது போல் தலையை ஆட்டிக்கொள்வார்.

தாகமா என்றால், அதெல்லாம் ஒன்றுமில்லை. தோள்பையில் ஒன்றரை லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கிறது. காலையில் அவர் மனைவி நிரப்பிக் கொடுப்பது. தெருமுனைக்குப் போனதும் அதை எடுத்து மடக் மடக்கென்று குடிப்பதை என் பால்கனியிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவும் அவர் ரீடிங் எடுக்கிற வட்டாரத்தில்தான் வருகிறது.

"கேட்டா குடுத்துட்டுப் போறாங்க, கேக்க வேண்டியதுதானே?" என்றேன் ஒருமுறை.

"கேட்டு வாங்கினா அது பிச்சை சார். கேக்காம குடுத்தாதான் பாசம். எங்க ஊர்ல..."

இந்த இடத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது வழக்கம். 'எங்க ஊர்ல' என்று ஆரம்பித்தால் அரை மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததில்லை. எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயரே 'எங்க ஊரு'தான். "எங்க ஊரு வீட்ல இருக்காரா?" என்றால்தான் காவலாளிக்குப் புரியும். மாற்றலாகி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒன்பது வருடமாக மனிதர் இங்கே குடியிருக்கவில்லை. புகார் கொடுக்க வந்த இடத்தில் காத்திருக்கிறார்.

இங்கே வருவதற்கு முன்னால் இரண்டு இடங்களில் வேலை பார்த்திருக்கிறார். ஆகவே ஜனங்களைப் பற்றித் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் தனக்கு வந்துவிட்டதாக நினைப்பு. "கடலோரத்துக்காரங்க வாயாலயே வயித்தை நெறச்சு அனுப்பிடுவாங்க சார், கையில ஒண்ணும் வராது. மலைப்பக்கத்துக்காரங்க வாயைத் தொறக்க மாட்டாங்க, ஆனா கதவைத் தொறந்து வெப்பாங்க. உங்க ஊருக்காரங்க இருக்கீங்களே, வாயும் தொறக்காது, கதவும் தொறக்காது." சாயங்காலம் மாடிப்படியில் என்னைப் பிடித்துவிட்டால் அன்றைய நிலவரம் வேறு: "இருபத்தெட்டு வீடு. தண்ணி வேணுமான்னு கேட்டது மூணு. அதுல ஒருத்தரு ஃபோன்ல வேற யாரையோ கேட்டாரு. ரெண்டுன்னு வெச்சுக்கோங்க."

நான் இந்த ஊரில் பிறந்தவன். அதற்காக எங்கள் ஜனங்கள் தேனாக ஒழுகுகிறவர்கள் என்று சாதிக்க வரவில்லை. படியில் எதிரே ஆள் வந்தால் ஃபோனை எடுத்து முக்கியமாக எதையோ பார்க்கிற ரகம்தான் நாங்கள். ஆனால் இவர் வந்த முதல் வாரத்திலேயே நான் இவர் கதவைத் தட்டினேன். தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள், குப்பை வண்டி எப்போது வரும் என்றெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அது செல்லாதாம்.

"அது காரியமா வந்தது சார். காரியமா வந்தா அது விசாரிப்பா? சும்மா வரணும். 'எப்படி இருக்கீங்க, எல்லாம் செட்டாயிடுச்சா'ன்னு கேக்க மட்டும் வரணும். புதுசா வந்தவங்களை ஏற்கெனவே இருக்கறவங்கதான் மொதல்ல போய் விசாரிக்கணும். அதான் முறை. எங்க ஊர்ல அப்படித்தான்."

முறையாம், முறை! இந்த முறையைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருடமாக ஒரு கதவைத் தட்டியதில்லை மனிதர். கீழ்வீட்டுக்காரர் காலை முறித்துக்கொண்டு ஆறு வாரம் படுத்திருந்தார். எட்டிப் பார்த்தாரா? "அவங்க என்னை விசாரிச்சாங்களா?" என்றார். தினமும் இருபது முப்பது வாசல் ஏறி இறங்குகிற உத்தியோகம். ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று சும்மாவா சொன்னார்கள்?

இதில் நசுங்கியது அவர் மனைவி. நான் 'அக்கா' என்று கூப்பிடுவேன். மெல்லிய குரல், வேகமான கை, பேசுவதற்கென்றே பிறந்த பெண்மணி. பேசத்தான் ஆள் இல்லை. மூன்றே கதவுகள் உள்ள இரண்டாவது மாடி எங்களுடையது. ஒன்று அவர்களுடையது, நடுவில் என்னுடையது, அவர்கள் வாசலுக்கு நேர் எதிரே இருந்த மூன்றாவது வெகுநாளாகப் பூட்டியே கிடந்தது. நான் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிற தனிக்கட்டை. என்னிடம் அக்கா என்னத்தைப் பேசுவாள்? அதனால் ரேடியோவிடம் பேசினாள். "நாளை மாலை மழை பெய்ய வாய்ப்புள்ளது" என்று அது சொன்னால், "சொன்னது நல்லதாப் போச்சு, போர்வையை நனைக்காம விட்டேன்" என்பாள். சமையல் குறிப்புச் சொல்கிறவளிடம், "இரு இரு, அடுப்பைக் குறைச்சுட்டு வரேன்" என்று ஓடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். நான் என்ன செய்தேன்? என் ரேடியோவைச் சற்றுச் சத்தமாக வைத்தேன். அதில் எனக்கும் பெருமையில்லை.

போன வருடம் மூன்றாவது கதவு திறந்தது. ஒரு தையற்காரம்மா குடிவந்தாள். அக்கா வயதுதான் இருக்கும். கணவர் கப்பலில் வேலை பார்க்கிறவர், வருடத்துக்கு இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பவர். துணைக்கு ஒரு தையல் மெஷின். அது காலை ஒன்பது மணிக்கு ஓட ஆரம்பித்தால் இருட்டும்வரை ஓடும்.

நான்கு மாதம் கழித்து, பையின் வார் அறுந்துபோய் அவளிடம் கொண்டுபோனேன். தைத்துக்கொண்டே கேட்டாள்:

"தப்பா நினைக்காதீங்க சார். இந்த ஊர் ஜனங்க ஏன் இப்படி இருக்காங்க? வந்து நாலு மாசமாச்சு, எதிர் வீட்லேர்ந்து ஒருத்தர் எட்டிப் பாக்கல. எங்க ஊர்ல புதுசா வந்தவங்களை ஏற்கெனவே இருக்கறவங்கதான் மொதல்ல வந்து விசாரிப்பாங்க. அதான் முறை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சொல் மாறவில்லை! எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். நம்முடைய 'எங்க ஊரு'வின் ஊரேதான். இவள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி அவர் பிறந்த வீடு.

"அட, எதிர்ல இருக்கறவங்களும் உங்க ஊருதாங்க! போய்ப் பேசுங்களேன்."

மெஷின் நின்றது. அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். சுருங்கிற்று.

"எங்க ஊரா? அப்போ அவங்களுக்கு முறை தெரியும்தானே? தெரிஞ்சுமா வரல? அவங்க இருக்கறவங்க, நான் வந்தவ. நானே போய் கதவைத் தட்டினா மரியாதையா இருக்குமா?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பரவாயில்ல சார். இந்த மாசக் கடைசியில காலி பண்றேன். வீட்டு ஓனர்கிட்ட சொல்லிட்டேன். மனுஷங்க இல்லாத இடத்துல மெஷினோட எத்தனை நாள் பேசிட்டிருக்கறது?"

மூலையில் மடித்த அட்டைப்பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒருத்தி மெஷினோடு பேசுகிறாள், ஒருத்தி ரேடியோவோடு பேசுகிறாள். இருவர் வாசலுக்கும் நடுவில் நான் எண்ணிப் பார்த்தேன்; சரியாக நான்கு எட்டு.

அன்று மாலையே அவர் கதவைத் தட்டினேன். காரியமாகத்தான்.

"எதிர்ல இருக்கறது உங்க ஊர்க்காரங்க. நீங்க பொறந்த வீட்லேர்ந்து மூணே தெரு. யாரும் பேசலன்னு மாசக் கடைசியில கிளம்பப் போறாங்க. அக்காவுக்கு ஒரு துணை ஆச்சே, போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா வந்து கதவோரம் நின்றாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அவரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க ஊரா? எங்க ஊர்க்காரங்க இப்படி இருக்க மாட்டாங்களே. உங்க ஊருக்கு வந்து கெட்டுப் போயிருப்பாங்க."

"அது கிடக்கட்டும். உங்க முறைப்படியே பாருங்க. அவங்க புதுசு. நீங்க ஒன்பது வருஷமா இருக்கறவர். நீங்கதானே போகணும்?"

மடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அடேயப்பா, அவருக்கா பதில் இருக்காது?

"நான் இருக்கறவனா? நல்லாருக்கே கதை! நான் எப்போ சார் இந்த ஊர்க்காரன் ஆனேன்? நானும் வந்தவன்தான். வந்தவங்களை வந்தவன் விசாரிக்கறதுன்னு எங்கயும் முறை கிடையாது."

"நான் மட்டும் ஒரு எட்டு போயிட்டு வரட்டுமாங்க?" என்றாள் அக்கா. அதைக் கேட்கும்போது கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்; கை எப்போதோ காய்ந்திருந்தது.

"நீ சும்மா இரு. இறங்கிப் போனா மதிப்பு போயிடும். காரியமிருந்தா போ, வேணாங்கல. சும்மா போகக் கூடாது."

இழுத்து நாலு அறை விடலாமா என்று வந்தது எனக்கு. விடவில்லை. நாங்கள்தான் பாசமில்லாத ஊராயிற்றே, எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை. அவர்கள் பால்கனியும் என்னுடையதும் ஒட்டினாற்போல இருக்கும். அவர் குளித்துக்கொண்டிருந்தார், உள்ளே வாளிச் சத்தம் கேட்டது. அக்கா கொடியிலிருந்து அவருடைய நீல யூனிஃபார்ம் சட்டையை எடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியை எடுத்தாள். பாக்கெட்டின் தையலை மூன்று பக்கமும் சரக் சரக்கென்று பிரித்தாள். பாக்கெட் நாக்கு மாதிரி தொங்கிற்று. நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் செடியைப் பார்த்தேன். என் பால்கனியில் செடியே கிடையாது.

பத்து நிமிடத்தில் அவர் குரல்: "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? இந்த ஊர்த் துணியே இப்படித்தான். சரி சரி, எதிர்ல குடுத்து தைச்சு வாங்கிட்டு வா. காரியமாத்தானே போறே, போ. உக்காராதே."

நான்கு எட்டை அக்கா இரண்டு எட்டில் தாண்டினாள்.

பாக்கெட் தைக்க மூன்று நிமிடம் போதும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதல் ஐந்து நிமிடம் மெஷின் சத்தம் வந்தது. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு, "ஐயோ, அந்த முக்குல இருந்த வீடா? அவங்க பொண்ணு என் கூடப் படிச்சவ!" அப்புறம் இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, யார் பேசுகிறாள், யார் கேட்கிறாள் என்றே தெரியவில்லை. இங்கே இவர் பனியனோடு வாசலுக்கும் கூடத்துக்கும் நடையாக நடந்தார். அன்றைக்கு எங்கள் தெருவில் ரீடிங் பதினொரு மணிக்குத்தான் ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அவர் உடுப்புக்குப் போதாத காலம். செவ்வாய்க்கிழமை காலர் பொத்தான் போயிற்று. வியாழக்கிழமை கைமடிப்பு பிரிந்தது. அடுத்த வாரம் பேன்ட்டின் அடிமடிப்பு, இரண்டு காலிலும். தையற்காரம்மா சளைத்தவளா? பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நீள நீளமாகத் தையல் போட்டுக் கொடுத்தாள். இவர் என்னைப் படியில் நிறுத்தி அங்கலாய்த்தார்:

"நூலைப் பாத்தீங்களா சார்? நாலு நாள் ஒண்ணா இருக்க மாட்டேங்குது. இந்த ஊர்ல நூலுக்குக்கூட ஒட்டு உறவு கிடையாது."

நான் ஃபோனை எடுத்து முக்கியமாக எதையோ பார்த்தேன்.

மாசக் கடைசி வந்தது, போயிற்று. வண்டி வரவில்லை. என் பையின் இன்னொரு வாரும் அறுந்துபோனதால் எதிர்வீட்டுக்குப் போனேன். மூலையில் சாத்தியிருந்த அட்டைப்பெட்டிகளைக் காணோம். அத்தனையையும் வெட்டி, சட்டைக்கு அளவு வைக்கிற அட்டையாக்கி ஆணியில் மாட்டியிருந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ரேடியோ ஓடுகிறதா இல்லையா என்ற நினைவே அவளுக்கு இல்லை. அது அங்கே தன்பாட்டுக்கு மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பகல். நான் குப்பையை வைக்கக் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெண்களும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'எங்க ஊரு' தன் வாசலில் நின்றார். உள்ளே திரும்பிப் பார்த்தார்; அங்கே யாரும் இல்லை. ஒரு எட்டு வைத்தார். நின்றார். இன்னும் மூன்று வைத்தார். ஒன்பது வருடத்தில் முதல்தடவையாகக் காரியமில்லாமல் இன்னொருவர் வாசலில் போய் நின்று, இரண்டு முறை இருமினார்.

உள்ளே சிரிப்பு அடங்கிற்று.

"யாரோ இருமற மாதிரி இல்ல?" என்றாள் தையற்காரம்மா.

"தெரியலையே," என்றாள் அக்கா. அந்த இருமல் அவளுக்குத் தெரியாததல்ல. "இந்த ஊர்ல யாரு யாரைக் கண்டா?"

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவர் குனிந்தார். பழகின கை, நேராக வலது காலுக்குப் போயிற்று. அன்றைக்கு அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. இல்லாத லேஸின் இரண்டு முனைகளையும் விரலால் பிடித்து, நிதானமாகக் கட்ட ஆரம்பித்தார்.