கடைசி அத்தியாயத்தில் திருந்துகிறவன்

மிஷனரி காலத்தை வைத்து நான் எழுதும் காதல் நாவல்களில், குடிகாரக் கணவன் கடைசி அத்தியாயத்தில் தவறாமல் திருந்திவிடுவான். மனைவியின் ஜெபம் ஜெயிக்கும்.

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் அசனப் பண்டிகைப் பொது விருந்துக்குக் கத்தரிக்காய் நறுக்கும்போது, பக்கத்திலிருந்த வாசகி சொன்னாள்: "அக்கா, உங்க கதைய நம்பித்தான் அவரோட இருக்கேன். பன்னெண்டு வருசமாச்சு, அடிக்கது நிக்கல. எனக்குக் கடைசி அத்தியாயம் எப்பக்கா வரும்?"

எரிச்சலில், "இன்னும் விசுவாசமா ஜெபம் பண்ணு" என்றேன்.

அவள் காயை இடது கைக்கு மாற்றினாள். வலது கையில் இரண்டு விரல்கள் ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தன.

புது நாவலின் முடிவைக் கேட்டுப் பதிப்பகத்தார் நச்சரிக்கிறார்கள். "அவன் திருந்தினான்" என்று எழுதும்போதெல்லாம் என்மேலேயே ஆத்திரம் வருகிறது. அன்றைக்கு அவளிடம், "எங்க வீட்டுக்கு வாரியா?" என்று கேட்டிருக்கலாமே!