ஒற்றைத் தும்மலும் வெண்கல ஈரலும்

வின்டர்தூரில் நான் துப்புரவு வேலை செய்யும் அருங்காட்சியகத்தில், ரோமர்களுக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கன் மக்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடக்கிறது. நடுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்கலத்தில் வார்த்த ஓர் ஆட்டு ஈரல். மேலெல்லாம் கட்டங்கள், தெய்வங்களின் பெயர்கள். பலியிட்ட ஆட்டின் ஈரலைக் கையில் ஏந்தி, எந்தக் கட்டத்தில் பழுது என்று பார்த்து, அந்தப் பூசாரிகள் தெய்வத்தின் மனதைச் சொல்வார்களாம். மற்றக் கண்ணாடிகளை நொடியில் துடைத்துவிடுவேன். இதற்கு மட்டும் கை ஓடாது.

என் அண்ணைக்கும் ஈரலில்தான் வருத்தம். ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரியில் நேரம் குறித்து டெர்மின் தந்திருந்த காலையில் அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்க, நான் தும்மினேன். இரட்டையாக வந்திருந்தால் பரவாயில்லை. ஒற்றைத் தும்மல் புறப்பாட்டுக்கு ஆகாது. நாள் முழுக்கக் கழிவறை மருந்தை முகர்கிறவள் தும்மாமல் என்ன செய்வாள்? அந்த யோசனை அப்போது வரவில்லையே, பாவி எனக்கு.

“இருங்கோ அண்ணை. தண்ணி குடிச்சிட்டுப் போவம்.”

“உனக்கென்ன விசரே? ட்ரெயின் போயிடும்.”

“அஞ்சு நிமிசம் இருந்தால் என்ன குறைஞ்சிடும்?”

எனக்காகத்தான் இருந்தார். ரயில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எங்கள் நேரம் கடந்திருந்தது. அடுத்த டெர்மின் இரண்டு மாதம் கழித்துத்தான்.

அப்போது எடுத்த ஸ்கேன் படத்தில் கட்டி என் கண்ணுக்கே தெரிந்தது. முதல்முறை ஏன் பிந்தினீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அண்ணை முந்திக்கொண்டு, ரயில் தாமதம் என்றார். நிமிசம் பிசகாமல் ரயில் ஓடும் இந்த நாட்டில்! டாக்டர் நம்பியதாகத் தெரியவில்லை. அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை. பனி கரையுமுன் போய்விட்டார். இப்போதும் வீட்டு வாசலைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

நேற்று வழிகாட்டிப் பெண் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஈரலில் கெட்ட குறி தெரிந்தால் இன்னோர் ஆட்டை வெட்டித் திரும்பவும் பார்ப்பார்களாம். என் அண்ணைக்கு ஈரல் ஒன்றுதானடி இருந்தது என்று கத்தவேண்டும் போலிருந்தது.

அவர்கள் போனபின் கண்ணாடியில் மருந்தைத் தெளித்தேன். தும்மல் வந்தது. இரண்டாவதுக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் வாளியை வைத்துவிட்டுப் பார்வையாளர் உட்காரும் பக்கத்து வாங்கிலில் போய் இருந்தேன், அண்ணைக்கும் இடம் விட்டு.