நூற்று ஐம்பத்தொரு தீக்குச்சிகள்

ஏரிக்கரைச் சாலையில் பழைய கட்டடங்கள் ஐந்து நிற்கின்றன: மணிக்கூண்டு, படகுத்துறைச் சாவடி, ஐந்து வளைவுக் கல்பாலம், நீரேற்று நிலையம், வட்ட நூலகம். எந்த ஆண்டு கட்டினார்கள், யார் திறந்துவைத்தார், எந்தப் பிரமுகர் வந்து தேநீர் குடித்தார் என்பதெல்லாம் நகராட்சியின் கையேட்டில் இருக்கிறது. யார் பெருக்குகிறார் என்பது மட்டும் இல்லை.

பத்தொன்பது ஆண்டுகளாகப் பெருக்குபவரை ஊரார் 'மணிக்கூண்டு அக்கா' என்கிறார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அக்காவுக்கு அந்தக் கட்டடங்கள் அவற்றின் அழுக்கால் பழக்கம். நீரேற்று நிலையத்தில் இரும்புத் துரு; பெருக்கினால் சிவப்பாகப் பறக்கும். பாலத்தில் புறா எச்சம். சாவடியின் பலகை இடுக்குகளில் கிழிந்த பயணச்சீட்டுகள். நூலகத்தில் விழும் காகிதத் தூசி துடைப்பத்துக்கு அடங்காது, ஈரத்துணிக்குத்தான் மசியும். தூசி தட்ட எடுத்த புத்தகத்தை உடனே திருப்பி வைக்க வேண்டும் என்று நகராட்சி விதி எதுவும் சொல்லவில்லை. ஆகவே அக்கா படித்தார். நகரசபையின் பழைய தீர்மானப் பதிவேடுகள் வரைக்கும் படித்தார்.

மணிக்கூண்டு தானாக அடித்தால் ஏரியில் யாரோ மூழ்கப் போகிறார்கள் என்றொரு கதை ஊரில் உண்டு. அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அதற்கு ஒரு முடிவு கட்டினார். மேல்காற்று பலமாக வீசும்போது உச்சி ஜன்னலின் கொக்கியில்லாத கதவு போய் மணியின் சுத்தியலில் மோதிக்கொண்டிருந்தது. ஒரு துண்டுக் கயிற்றால் கதவைக் கட்டினார். அன்றோடு பேய் ஓய்வு பெற்றுவிட்டது. கையேட்டில் மட்டும் அது இன்னும் பதவியில் இருக்கிறது.

இந்நிலையில்தான் அறிவிப்பு வந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டடங்களைச் சுற்றிக்காட்ட நகராட்சியே வழிகாட்டிகளை நியமிக்கும். தேறியவர்களுக்கு நீல நிறப் பேட்ஜ். தகுதி: நகரின் வரலாற்றுக் கட்டடங்களோடு ஐந்து ஆண்டுப் பழக்கம்.

அக்கா விண்ணப்பத்தோடு போனார். தலைமை எழுத்தர் பெயரைப் படித்தார், பதவியைப் படித்தார், சிரித்தார்.

"இது வழிகாட்டி வேலைம்மா. கூட்டிக்கிட்டுப் போறவங்களுக்கு."

"தெரியும் சார். நான் அதுக்குத்தான் கேட்டிருக்கேன்."

"அஞ்சு வருஷப் பழக்கம் வேணும்னு போட்டிருக்கே, பாத்தீங்களா?"

"எனக்குப் பத்தொன்பது வருஷம். அதிகமா இருந்தா தப்பா சார்?"

"பெருக்குறதெல்லாம் பழக்கத்துல சேருமா?"

"நீங்க அந்தக் கூண்டு மேல எத்தனை தடவை ஏறியிருக்கீங்க சார்?"

எழுத்தர் முத்திரையை எடுத்து விண்ணப்பத்தில் குத்தினார். அது பதில் சொல்லத் தெரியாதவர்கள் குத்தும் குத்து. இந்த நாற்காலிகளின் தர்க்கம் விசித்திரமானது. ஒரு கட்டடத்தை ஒரு நாள் பார்த்து ஒரு பக்கம் எழுதியவர் அறிஞர். அதே கட்டடத்தை ஏழாயிரம் நாள் தொட்டவர் கூலி.

வீட்டில் இன்னொரு தேர்வு காத்திருந்தது. அக்காவின் கணவர் பெயின்டர். ஊரின் கடைப் பலகைகளும் படகு எண்களும் வீட்டு எண்களும் அவர் கைவண்ணம். மணிக்கூண்டுப் படிகளில் பத்துக்கு ஒன்றாக வெள்ளை எண்கள் எழுதியதும் அவர்தான். அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்த அதே ஆண்டில். வேலைப் பட்டியலில் முதலில் 'டிக்' போட்டுவிட்டு அப்புறம் வேலையைச் செய்வது அவருடைய வழக்கம். கேட்டால், மனசுக்குத் தெம்பாக இருக்கும் என்பார். மணிக்கூண்டில் 80-க்கு டிக் போட்டார், மழை பிடித்துக்கொண்டது, இறங்கிவிட்டார். மறுநாள் வந்து பட்டியலைப் பார்த்தார். 80-க்கு எதிரே டிக். சரி என்று எண்பதாவது படியில் 90 என்று எழுதினார். அதிலிருந்து உச்சி வரைக்கும் ஒவ்வோர் எண்ணும் பத்து கூடுதல். அக்கா அதை இரண்டாம் வாரமே கண்டுபிடித்துச் சொன்னார். "காஞ்ச பெயின்ட்டை யாரு எண்ணிப் பாக்கப் போறா?" என்றார் கணவர். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் சொன்னதுதான் நடந்தது.

விண்ணப்பித்த செய்தி கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"படி எத்தனைன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க. அடிப்படைக் கேள்வி அஞ்சுல அது ஒண்ணு. அஞ்சுல ஒண்ணு தப்புன்னாலும் பேட்ஜ் கிடையாதாம்."

"அப்ப நூத்தி அறுபத்தொண்ணுன்னு சொல்லிடு. புத்தகத்துலயே அப்படித்தானே இருக்கு."

"இருக்குறது நூத்தி அம்பத்தொண்ணு. நான் தினமும் குனிஞ்சு பெருக்குறேன்ங்க. இல்லாத பத்துப் படியை எப்படிப் பெருக்குறது?"

"இல்லாத பத்துப் படியால யாருக்கு என்ன நஷ்டம்? இருக்குற எனக்குத்தான் மானம் போகும். ஊரு பூரா என் நம்பர்தான். நாளைக்கு ஒவ்வொருத்தனும் அவன் வீட்டு நம்பரை எண்ணிப் பாப்பான்."

படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் நாத்தனார் அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "எண்ணிப் பாக்கட்டுமே அண்ணா. எங்க துறையில ஏழாம் நம்பர் படகு ரெண்டு இருக்கு. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

"நீ உள்ள வா முதல்ல. வாசல்ல நின்னு ஏலம் விடாத."

"அண்ணி, நீங்க உள்ளதைச் சொல்லுங்க. இவரு மானத்தை நான் பாத்துக்கறேன். அது ஒண்ணும் அவ்வளவு கனமா இருக்காது."

அக்கா சிரித்துவிட்டுக் கணவரிடம் சொன்னார்: "எழுதினது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எத்தனைன்னு கேட்டா உள்ளதைத்தான் சொல்வேன்." அவர் பிரஷ் கழுவப் போனார். ஏற்கெனவே கழுவிய பிரஷ் அது.

தேர்வு நகராட்சி ஆணையரின் அறையில் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: புதிதாக மாற்றலாகி வந்த பெண் ஆணையர், தலைமை எழுத்தர், கையேட்டை எழுதிய ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவரை ஊரே சார் என்றுதான் கூப்பிடும். நல்ல மனிதர், குரலில் எப்போதும் கரும்பலகை இருக்கும்.

நான்கு கேள்விகளுக்கு அக்கா தயங்காமல் பதில் சொன்னார். பாலத்தின் மூன்றாம் வளைவு மட்டும் ஏன் அகலம் என்றதற்கு, அதன் வழியாகத்தான் பாய்மரப் படகுகள் போயின என்றும், அதற்கான தீர்மானம் பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் சொன்னார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாவது கேள்வி வந்தது. "மணிக்கூண்டுக்கு எத்தனை படி?"

"நூத்தி அம்பத்தொண்ணு சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிக்க ஒண்ணுமில்ல சார். நூத்தி அம்பத்தொண்ணு."

"நூத்தி அறுபத்தொண்ணு. என் புத்தகத்துல ஆறாம் பக்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தூக்கத்துல கேட்டாலும் சொல்லும்."

"பிள்ளைங்க உங்க புத்தகத்தைப் படிச்சுச் சொல்லுது சார். நீங்க எதைப் பாத்து எழுதினீங்க?"

எழுத்தர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். ஐந்தாவதற்கு எதிரே ஒரு பெருக்கல் குறி விழுந்தால் போதும், பேட்ஜ் போய்விடும். ஆணையர் கையை நீட்டித் தடுத்தார்.

"கூண்டு எதிர்லதானே இருக்கு? போய் எண்ணிட்டா போச்சு."

நால்வரும் ஏறினார்கள். பேசக் கூடாது, அவரவர் எண்ணிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. உச்சியில் எழுத்தர் மூச்சிரைக்க, "நூத்தி நாப்பத்தொன்பது" என்றார். ஆணையர், "எனக்கு நூத்தி அம்பத்திநாலு வருது" என்றார். சார் பாதி வழியில் முழங்கால் வலியோடு ஜன்னலருகே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே, "நூத்தி அறுபத்தொண்ணு!" என்று உறுதியாகக் குரல் கொடுத்தார்.

"இது என்ன கூத்து!" என்றார் ஆணையர்.

எழுத்தர் கடைசிக்கு முந்தின படியைக் காட்டினார். "இதோ பாருங்க மேடம், நூத்தி அறுபதுன்னு பெயின்ட்லயே இருக்கு. அதுக்கு மேல ஒண்ணு. எழுதி வச்சதை நம்பாம எதை நம்புறது?"

உலகத்தில் பாதித் துன்பத்துக்குக் காரணம் இந்த ஒரு வாக்கியம்தான். எழுதியிருக்கிறது, ஆகவே உண்மை. யார் எழுதினார், எப்போது, எண்ணிவிட்டா எழுதினார் என்று கேட்பவருக்குத் திமிர் பிடித்தவர் என்று பெயர். அக்கா அந்தத் திமிரோடு கேட்டார்:

"மேடம், ஏறும்போது எண்ணினா மூச்சு வாங்கும், கணக்கு தப்பிடும். நான் எண்ண வேணாம், நீங்களும் எண்ண வேணாம். நாலு தீப்பெட்டி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. படிக்கு ஒரு குச்சி வைப்போம். கடைசியில மேசை மேல பரப்பிப் பாத்துக்கலாம்."

தீப்பெட்டிகள் வந்தன. சாரை ஜன்னலருகே விட்டுவிட்டு மற்றவர்கள் கீழே இறங்கி மறுபடி தொடங்கினார்கள். அக்கா ஒவ்வொரு படியிலும் ஒரு குச்சி வைத்துக்கொண்டே போனார். விட்டுப்போகவில்லை, இரட்டையாக விழவில்லை என்று ஆணையர் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். எழுத்தருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பத்துப் பத்தாகப் பெயின்ட் எண்களைச் சத்தமாக வாசித்தார். "அம்பது… அறுபது… எழுபது…" அப்புறம் ஜன்னல் திருப்பம். பத்துக் குச்சி வைத்தாயிற்று. "தொண்…" என்றவர் நின்றுவிட்டார். திரும்பிக் கீழே பார்த்தார். மேலே பார்த்தார்.

"மேடம்… எண்பதைக் காணோம்."

ஜன்னல் மேடையில் உட்கார்ந்திருந்த சார் எழுந்து வந்து குனிந்தார். எழுபதிலிருந்து தொண்ணூறு வரைக்கும் குச்சிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்து. திரும்ப எண்ணினார். அப்போதும் பத்துதான்.

"யாரு எழுதினது இது?" ஆணையரின் குரல் கூண்டுக்குள் சுழன்றது.

அக்கா தீப்பெட்டியைத் திறந்தார். இன்னும் எழுபத்தொரு குச்சி வைக்க வேண்டியிருந்தது. அடுத்ததைக் குனிந்து வைத்தார்.

"அவங்களைக் கேக்காதீங்க. நான்தான்."

கீழ்த் திருப்பத்தில் பெயின்டர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் நாத்தனார், துறையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள், அண்ணனின் முதுகில் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தானாக ஏறி வந்த முதுகு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"எண்பதுக்கு டிக் போட்டுட்டேன் மேடம். மழை வந்துடுச்சு. மறுநாள் டிக்கை நம்பிட்டேன்."

"செய்யறதுக்கு முன்னாடியே டிக்கா?"

"மனசுக்குத் தெம்பா இருக்கும் மேடம்."

ஆணையர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "இவங்க உங்க வீட்டுக்காரம்மாவா? தெரிஞ்சும் உங்க பேரைச் சொல்லலையே."

"சொல்ல மாட்டேன்னாங்க. ஆனா எண்ணிக்கையை மாத்திச் சொல்ல மாட்டேன்னும் சொன்னாங்க. நானே வந்து சொல்லிட்டா ரெண்டும் முடிஞ்சுபோகும்னு என் தங்கச்சிதான்…" நாத்தனாரின் விரல் மறுபடி அழுந்தியிருக்க வேண்டும். "…நானாத்தான் வந்தேன் மேடம்."

மீதிக் குச்சிகளையும் வைத்து, கீழே இறங்கும்போது எல்லாவற்றையும் பொறுக்கி, ஆணையர் மேசையில் பத்துப் பத்தாக அடுக்கினார்கள். பதினைந்து கட்டு, ஓர் ஒற்றைக் குச்சி. எழுத்தரே அடுக்கினார், அவரே சிவப்புப் பேனாவால் ஐந்தாவதற்கு எதிரே சரி போட்டார். எண்ணி முடித்த பிறகுதான் போட்டார். எட்டு எண்களையும் மாற்றி எழுத நாளைக்கே வாருங்கள், மனைவி பக்கத்தில் நிற்கும்போது மட்டும் எழுதுங்கள் என்று பெயின்டருக்கு உத்தரவு ஆயிற்று.

நீலப் பேட்ஜை ஆணையர் எடுத்து நீட்டினார். சார் குறுக்கே கை நீட்டி அதை வாங்கினார். எல்லோரும் ஒரு நொடி திகைத்தார்கள். அவர் பேட்ஜை அக்காவின் கையில் தாமே கொடுத்தார்.

"நான் மேல வரைக்கும் ஏறி எண்ணலைம்மா. நூத்தி அறுபதுன்னு எழுதியிருக்குன்னு யாரோ சொன்னாங்க, ஒண்ணைச் சேத்து எழுதிட்டேன். ரெண்டு பதிப்பு வந்துடுச்சு." கையேட்டைப் பிரித்தார். "வேற ஏதாவது தப்பு இருக்கா?"

அக்கா பேட்ஜை முந்தானையில் குத்திக்கொண்டே யோசித்தார். இரக்கப்படலாமா என்று யோசித்திருக்கலாம்.

"இருபத்தாறு எடம் இருக்கு சார்."

"இருபத்தாறா!"

"முழங்கால் வலிக்கலைன்னா வாங்க. முதல் தப்பு பக்கத்துலயே இருக்கு."

மணிக்கூண்டின் உள்சுவரில், நாலாவது படிக்கு நேராக, காரை பெயர்ந்து செங்கல் தெரியும் இடம் ஒன்று உண்டு. வெளியே, வாசலுக்கு மேலே பளிங்கில், கட்டியவர் என்று ஒரு செல்வந்தரின் பெயர் பொறித்திருக்கிறார்கள். கையேட்டின் மூன்றாம் பக்கமும் அதையே சொல்கிறது. அவர் ஒரு செங்கல்லைத் தூக்கியதற்குச் சான்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அக்கா துணியால் செங்கல்லின் தூசியைத் துடைத்தார். ஈர மண்ணை அச்சிலிருந்து எடுத்தபோது அழுந்திய நான்கு விரல்களின் தடம் அதில் இருந்தது.

"கட்டினவங்க பேரு எங்கயும் இல்ல சார். கை இருக்கு. வச்சுப் பாருங்க."

சார் தயங்கித் தயங்கித் தம் விரல்களைத் தடத்துக்குள் வைத்தார். பொருந்தவில்லை. தடம் சின்னது.

"இது பொம்பளைக் கை மாதிரி இருக்கே?"

"இருக்கலாம் சார். நிச்சயமாத் தெரியாது. அந்தப் பளிங்குல இருக்குறவரு கை இல்லைங்கறது மட்டும் தெரியும். பேனா இருக்கா? அப்படியே எழுதிக்கோங்க."